இரண்டு நாள் பயிலரங்கில் சேரும் முன்

மண்ணா, அச்சா, நெசவா, எதில் சேரலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: செய்த பொருளை ஞாயிறு மாலையே கையோடு எடுத்துப் போக வேண்டுமா? ஆம் என்றால் மண்ணை விட்டுவிடுங்கள்.

நான் சொல்லித் தருவது மண் வேலை. வனைந்த கிண்ணம் நன்றாகக் காய ஒரு வாரம் போல ஆகும். ஈரத்தோடு சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடித்துவிடும். முதல் சூளை ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ், பிறகு கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சைப் பூசி இரண்டாவது சூளை. ஆகவே பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: சூளைக் கட்டணம் சேர்ந்ததா, கிளேஸை யார் பூசுவார்கள், எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம்? ஆளுக்கு ஒரு சக்கரம் உண்டா என்பதையும் கேளுங்கள். இரண்டு பேருக்கு ஒன்று என்றால் பாதி நேரம் வேடிக்கைதான்.

நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள். மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவதிலேயே முதல் நாள் காலை போய்விடும், போகட்டும். மணிக்கட்டால் மல்லுக்கட்டாதீர்கள், முழங்கையைத் தொடையில் ஊன்றி உடம்பின் எடையைக் கொடுங்கள். தண்ணீர் குறைவாகவே போதும், அதிகமானால் சுவர் தொய்ந்து உட்கார்ந்துவிடும்.

முதலில் எழும் சில கிண்ணங்களைக் கம்பியால் மேலிருந்து கீழாக இரண்டாக அறுத்துப் பாருங்கள். வாய்ப் பக்கம் மெலிந்து, அடிப் பக்கம் கட்டை விரல் தடிமனுக்கு மண் தேங்கியிருக்கும். அந்த வெட்டுமுகம் சொல்லிக் கொடுப்பதை நான் ஒரு மணி நேரம் பேசினாலும் சொல்ல முடியாது. ஆனால் அறுக்கச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது! அப்புறம், பல வகை மண் சுட்டபின் பத்தில் ஒரு பங்காவது சுருங்கும். குடிக்கிற கோப்பை வேண்டுமென்றால் அளவைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள்.

அச்சு வேலைக்கு இவ்வளவு காத்திருப்பு இல்லை. லினோ வெட்டு, அதாவது லினோலியம் தகட்டில் படத்தைச் செதுக்கி, மை பூசி அச்சிடுவது என்றால் வரைபடத்தை முன்பே தயாராக வைத்திருங்கள், அங்கே போய் யோசித்தால் நேரம் கரைந்துவிடும். மெல்லிய கோடுகளை விடப் பெரிய கறுப்பு வெள்ளைப் பரப்புகள் முதல் முயற்சிக்கு நல்லவை. அச்சில் எல்லாம் இடம் வலமாக மாறும். எழுத்து இருந்தால் தகட்டில் கண்ணாடிப் பிம்பமாக வரைய வேண்டும். தகடு விறைப்பாக இருந்தால் லேசாகச் சூடுபடுத்துங்கள், உளி வழுக்காமல் இறங்கும். பிடித்திருக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான். எண்ணெய் மை காய நாள் கணக்கில் ஆகலாம், எனவே அச்சுகளைத் தட்டையாக வைத்து எடுத்துப் போக ஒரு அட்டை உறை கொண்டு போங்கள்.

நெசவில் கேட்க வேண்டியது, தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், ஏற்றி வைத்திருப்பார்களா என்பது. பாவு ஓட்டி, இழை இழையாக விழுதில், அதாவது பாவு நூலை ஏற்றி இறக்கும் கண்ணிகளில், கோத்து முடிக்கவே ஒரு நாள் போகலாம். இரண்டு நாள்தான் என்றால் ஏற்றி வைத்த தறியே சரி. ஐந்து நாள் கிடைத்தால் பாவையும் நீங்களே ஏற்றுங்கள். பின்னால் சொந்தத் தறி வாங்கினால் திணறுவது அங்கேதான்.

புதிதாக நெய்பவர்களின் துணி போகப் போக இடுப்பு சிறுத்துக்கொண்டே வரும். குறுக்கே ஓடும் ஊடை நூலை இறுக்கி இழுப்பதுதான் காரணம். நூலைச் சற்றுச் சாய்வாக, தளர்வாகக் கிடத்திவிட்டு அப்புறம் அடியுங்கள். துணியைத் தறியிலிருந்து இறக்கும்போது இரு முனையிலும் முடிச்சுப் போட ஒரு சாண் பாவு விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் ஊடை உருவிக்கொண்டு வந்துவிடும்.