சிவப்பழகு க்ரீம்: வீட்டில் இருப்பதைச் சோதிப்பது எப்படி, நிறுத்துவது எப்படி

முதலில் வீட்டில் இருக்கிற எல்லா முக க்ரீமையும் எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். தங்கையின் கைப்பையில் இருப்பது, பார்லரில் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தது, துபாயிலிருந்து சித்தப்பா வாங்கி வந்தது, மெடிக்கல் ஷாப்பில் "மங்குக்கு நல்லது" என்று கொடுத்த டியூப், எல்லாம்தான். டிவியில் விளம்பரம் வருகிற க்ரீமைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். ஆனால் உடம்பைப் பெரிதாகக் கெடுப்பவை வேறு இரண்டு: ஸ்டீராய்டு கலந்த டியூப், பாதரசம் கலந்த டப்பா.

டியூபை எடுத்து உள்ளடக்கத்தைப் படியுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். க்ளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மொமெட்டசோனோடு ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் இரண்டும் சேர்ந்திருந்தால், மங்குக்குத் தோல் மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருகிற கலவை அது, ஆனால் நம் ஊரில் அதை வருஷக்கணக்கில் தினமும் ராத்திரி பூசிக்கொண்டிருக்கிறார்கள். 2018-இல் இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. இன்றைக்கும் சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன.

இது ஏன் இவ்வளவு பரவியது என்றால், முதல் இரண்டு மூன்று வாரம் முகம் உண்மையிலேயே பளிச்சென்று ஆகும். ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, வீக்கத்தை அடக்குகிறது, நிறமியையும் குறைக்கிறது. பார்த்தவர்கள் "என்னம்மா போடுற?" என்று கேட்பார்கள், டியூப் பெயர் அடுத்த வீட்டுக்குப் போகும். சில மாதங்கள் கழித்துத் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்புகள் தெரிந்து, பருவும் பூனை முடியும் வரும், வெயிலில் நின்றால் எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து வீங்குகிறது என்பதால் பயந்து மறுபடி பூசுவார்கள். அந்தச் சுழலிலிருந்து தனியாக வெளியே வருவது கஷ்டம்.

அதனால் பல மாதமாகப் பூசியவர்கள் டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. எத்தனை மாதம் போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்துவதா, உடனே நிறுத்துவதா என்பதை அவர் முடிவு செய்வார். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ அதையும் சொல்லுங்கள், ட்ரெட்டினாயின் அப்போது ஆகாது. தோல் தேறுகிற காலத்தில் சாதாரண மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் போதும். எலுமிச்சை, பேக்கிங் சோடா, ப்ளீச், ஃபேஷியல் எதுவும் அந்த முகத்தில் படக் கூடாது.

சரி, அடுத்தது டப்பா. தயாரித்தவர் முகவரி இல்லை, பேட்ச் எண் இல்லை, உள்ளடக்கம் இல்லை, வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, ஆனால் ஒரே வாரத்தில் வெளுக்கும் என்கிறார்கள் என்றால் பாதரசமாக இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "தங்கம், வெள்ளி நகையில் படக் கூடாது" என்று அட்டையில் எழுதியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுவாகிறது. கேலமெல், மெர்க்குரஸ் குளோரைடு, மெர்க்குரி அயோடைடு எல்லாம் பாதரசத்தின் பெயர்கள்தான். இதை இன்றைக்கே நிறுத்துங்கள். ஜிப் கவரில் போட்டு இறுக மூடித் தனியாக வையுங்கள், சாக்கடையில் கொட்ட வேண்டாம். பூசியவரின் துண்டு, தலையணை வழியாகப் பாதரசம் குழந்தைக்கும் போகும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தில், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேரிடம் அந்த நோயின் அபூர்வமான ஒரு வகை தெரிந்தது, அந்த 15-இல் 13 பேர் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள். அதனால் இந்த டப்பாவைப் பயன்படுத்தியவர்கள் சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள், எல்லா லேபிலும் செய்வார்கள். சிறுநீர் நுரைத்தால், காலோ முகமோ வீங்கினால் நாள் கடத்த வேண்டாம். மருத்துவரிடம் க்ரீம் பற்றி நீங்களாகவே சொல்லுங்கள், அவருக்குக் கேட்கத் தோன்றாமல் போகலாம்.

குளுதாதயோன் ஊசி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நரம்பில் ஏற்றி வெளுக்க வைப்பது பாதுகாப்பானது என்பதற்கு நம்பகமான ஆதாரம் கிடையாது, போடாதீர்கள்.

இதையெல்லாம் விடக் கடினமான வேலை வீட்டுக்குள் இருக்கிறது. வரன் பார்க்கிற நேரத்தில் க்ரீமை நிறுத்தச் சொன்னால் முதலில் எதிர்ப்பது பெரும்பாலும் அம்மாவோ அத்தையோதான், அவர்களும் "கருப்பு" என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள். அவர்களிடம் அழகைப் பற்றி வாதாடாதீர்கள், சிறுநீரகத்தைப் பற்றிப் பேசுங்கள், அது எடுபடும். பயோடேட்டாவில் நிறம் என்கிற வரியை எடுத்துவிடுங்கள், போட்டோவை ஸ்டுடியோவில் வெளுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சென்னையில் 2009-இல் ஒரு பெண்கள் அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து ஃபேரை எடுத்தது. ஆனால் "பொண்ணு கலரா?" என்ற கேள்வி நம் வீடுகளில் அப்படியே இருக்கிறது. அந்தக் கேள்வியைக் குழந்தைகள் காதுபட யார் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள், பெரியவர்களாக இருந்தாலும் சரி.

அப்புறம் புகார். டியூபையும் டப்பாவையும் ஒதுக்கி வைக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள், பில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தால் வந்த பாதிப்பை 1800-180-3024-இல் நோயாளியே தெரிவிக்கலாம். விற்பனை பற்றிய புகாருக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு விற்ற கடை பற்றி உங்கள் பகுதி மருந்து ஆய்வாளருக்குத் தேதி, கடை பெயர், பேட்ச் எண்ணோடு எழுதிக் கொடுங்கள்.