ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்திய பின் முன்பக்கம் 'டக் டக்'

40 மி.மீ. குட்டையான ஸ்பிரிங் போட்டதும், சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் முன்பக்கம் தட்டியது. மேக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இணைந்த அமைப்பு) வண்டி. ஷாக் அப்சார்பரைக் குறை சொல்லும் முன் சத்தத்தின் தன்மையைக் கேளுங்கள்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது 'டொய்ங்' என்றால், ஸ்பிரிங் முனை தன் இருக்கையில் சரியாக உட்காரவில்லை அல்லது மேல் மவுண்ட் பேரிங் (ஸ்ட்ரட்டின் உச்சியில் அதைச் சுழல விடும் பகுதி) இறுகிவிட்டது. இன்னொருவர் திருப்பட்டும், ஸ்ட்ரட் மேல்முனையில் கை வைத்தால் அதிர்வு தெரியும். சுருளுக்கு நடுவே விரலை விடாதீர்கள்.

என் வண்டியில் அது இல்லை. ஆன்டி-ரோல் பாரின் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பி) லிங்க் ராடை, அதாவது பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் தண்டை, இரு பக்கமும் கழற்றி, தெருவில் மெதுவாக ஓட்டினேன் (வளைவில் சாயும், வேகம் கூடாது). சத்தம் பாதியானது. உயரம் குறைந்ததால் பாரின் கோணம் மாறி, லிங்க்கின் பழைய பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) ஓரத்தில் தட்டியிருக்கிறது. நீளம் மாற்றக்கூடிய குட்டை லிங்க் தீர்வு. அதைச் சக்கரம் தரையில் நிற்கும்போதே இறுக்க வேண்டும்.

மீதிச் சத்தம் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் ரப்பர் மூட்டு). ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது போல்ட்டை முறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும். கிறீச்சிடும், சீக்கிரம் கிழியும். பல பட்டறைகளில் இப்படி நடக்கலாம். போல்ட்டைத் தளர்த்தி, சக்கரங்களை ராம்ப்பில் ஏற்றி, வண்டியின் முழு எடையில் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கினேன்.

பள்ளத்தில் மட்டும் 'தட்' என ஒரே இடி? ஷாக்கின் பம்ப் ஸ்டாப்பை (ஷாக் முழுதாக அமுங்கும்போது தாங்கும் ரப்பர்) பாருங்கள், ஸ்ட்ரோக் (ஷாக் அமுங்கும் தூரம்) தீர்ந்திருக்கும்.

கடைசியாக அலைன்மென்ட். டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறியிருக்கும்.