பில்லிங் சாஃப்ட்வேருக்கு வந்த வைரஸ் பட்டம்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளுக்காக நான் பைத்தானில் எழுதிய பில்லிங் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பை டவுன்லோட் செய்தாலே, "ஆபத்தான ஃபைல்" என்று பிரவுசர் தடுத்தது. "என்ன சார், வைரஸ் அனுப்புறீங்களா?" என்று ஒரு கடைக்காரர் போனிலேயே கேட்டுவிட்டார்.

முதலில் டவுன்லோட் பக்கத்தின் மேல்தான் சந்தேகம். எஸ்எஸ்எல் சான்றிதழ் சரியாகவே இருந்தது. கூகுள் சர்ச் கன்சோலில் பாதுகாப்புச் சிக்கல் எதுவும் இல்லை. ஹோஸ்டிங்கை மாற்றினேன், ஜிப்பாக்கிப் போட்டேன். அதே பாட்டுதான்.

அப்புறம் ஃபைலை, பல ஆன்டிவைரஸ் இன்ஜின்களால் ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினேன். விரல்விட்டு எண்ணக்கூடிய இன்ஜின்கள் மட்டும் சிவப்பு காட்டின. அவையும் 'ஜெனரிக்' என்றதோடு சரி, எந்த வைரஸ் என்று சொல்லவில்லை. இந்தப் பதிப்பைப் புது லேப்டாப்பில் பில்ட் செய்திருந்தேன். பழைய லேப்டாப்பின் பில்ட் லாகையும் (ஃபைலை உருவாக்கும்போது பதிவாகும் குறிப்பு) புதியதன் லாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. பழையதில் 'யூபிஎக்ஸ் இல்லை', புதியதில் 'யூபிஎக்ஸ் உள்ளது'. ஒரே ஒரு வரி! யூபிஎக்ஸ் என்பது ஃபைல்களைச் சுருக்கும் கருவி. வேறு வேலைக்காகப் போட்டிருந்த அது பாத்தில் (கருவிகளை கம்ப்யூட்டர் தேடும் ஃபோல்டர் பட்டியல்) இருக்கவே, பைத்தான் புரோகிராமை எக்ஸ்இ ஃபைலாக்கும் பைஇன்ஸ்டாலர் தானாகவே அதை எடுத்து, உள்ளிருக்கும் டிஎல்எல் எனும் துணை ஃபைல்களைச் சுருக்கியிருக்கிறது. மால்வேர் எழுதுபவர்களும் இதே முறையில் சுருக்குவதால் ஆன்டிவைரஸ்கள் மிரளும்.

'நோயூபிஎக்ஸ்' ஆப்ஷனோடு மறுபடி பில்ட் செய்தேன். சிவப்பு போனது. பிரவுசரும் வாயை மூடியது, அப்பாடா! ஒன்று மட்டும்: ஒவ்வொரு பில்டுக்கும் ஃபைலின் கைரேகை போன்ற ஹேஷ் மாறும். டிஜிட்டல் கையெழுத்து இல்லாத ஃபைல், பாதுகாப்பானது என்று அதுவரை சேர்த்த நற்பெயரையும் அதோடு இழக்கும். அதனால் இப்போது தேவையில்லாமல் புதிய பில்ட் ஏற்றுவதில்லை.