பான்ஸர்ஹவ்பிட்ஸ 2000: 1:35 மாடலை ஒட்டுவதும் வண்ணம் பூசுவதும்

டாங்கி மாடல் செய்து பழகியவர்கள்கூட தானே ஓடும் பீரங்கியில் தடுமாறும் இடம் ஒன்றுதான்: குழல். பான்ஸர்ஹவ்பிட்ஸ 2000 அப்படி ஒரு பீரங்கி வண்டி. ஜெர்மன் ராணுவத்துக்கு 1998-இல் வந்த இந்த வண்டியின் குழல் விட்டம் 155 மி.மீ., நீளம் அதைப்போல் 52 மடங்கு. அதாவது எட்டு மீட்டருக்குச் சற்று மேல்; 1:35 அளவில் 23 செ.மீ. டரட் (குழலைத் தாங்கிச் சுழலும் கூண்டு) வண்டியின் பின்பக்கம் இருப்பதால் அந்த 23 செ.மீ.யும் மேல்தளம் முழுவதையும் தாண்டி முன்னால் நீளும். குழலில் ஒரு மயிரிழைக் கோணலோ ஒட்டுக்கோடோ இருந்தால் பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும்.

ஆகவே பசையைத் திறக்கும் முன்பே ஒன்றை முடிவு செய்யுங்கள்: வண்டி பயணத்தில் இருக்கிறதா, சுடும் நிலையில் இருக்கிறதா? பயணம் என்றால் முன்தளத்தில் உள்ள பூட்டுத்தாங்கி நிமிர்ந்து குழலைக் கவ்வியிருக்க வேண்டும், டரட் நேர்முன்னே பார்க்க வேண்டும். சுடும் நிலை என்றால் தாங்கி மடங்கிப் படுத்திருக்கும். குழலை 65 பாகை வரை உயர்த்தலாம். தாங்கியை நிமிர்த்தி ஒட்டிவிட்டுக் குழலை வானத்துக்குத் தூக்கி வைத்த மாடல்கள் கண்காட்சிகளில் நிறைய. குறிப்புத்தாள் இரண்டு நிலையையும் அடுத்தடுத்த படத்தில் காட்டுவதால் வரும் குழப்பம் இது. அமெரிக்க எம்109 பீரங்கி வண்டி மாடலைச் செய்தவர்கள் பின்னால் மண்ணில் ஊன்றும் கலப்பையைத் தேட வேண்டாம். இந்த வண்டிக்கு அது இல்லை.

துண்டுகள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டங்களைப் பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சில் தடவிய எண்ணெய் போகாவிட்டால் பெயின்ட் பிறகு மாஸ்கிங் டேப்போடு உரிந்து வரும். நிப்பரால் வெட்டும்போது துண்டோடு 1 மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். துண்டுக்கு மிக நெருக்கமாக வெட்டினால் அந்த இடம் வெளுத்துக் குழி விழும்.

குழல் இரண்டு பாதியாக வந்தால் முதலில் பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, 3 செ.மீ.க்கு ஒரு டேப் சுற்றுங்கள். நீர்போல ஓடும் மெல்லிய பசையில் தோய்த்த பிரஷை இணைப்பில் தொட்டால் பசை தானே உள்ளே இழுத்துக்கொண்டு ஓடும். டேப்பின் அடியில் மட்டும் பசை ஓட விடாதீர்கள். வெளியே கசிந்து பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். மெதுவாக அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் மணிபோல் பிதுங்கும். அது வேண்டும், இடைவெளியை நிரப்புவது அதுதான். இனி குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் தொடக்கூடாது. அவசரப்பட்டு உப்புத்தாள் போட்டால் அன்று வழவழப்பாகத் தெரியும். உள்ளே மிச்சமிருக்கும் கரைப்பான் ஆவியாக ஆவியாக இணைப்பு அமுங்கி, வண்ணம் பூசிய பின் அதே கோடு மெல்லிய பள்ளமாகத் திரும்பி வரும்.

தேய்க்கும்போது உப்புத்தாளில் 400, 600, 1000 எண் என்று போங்கள். தாளை ஒரு செ.மீ. அகலப் பட்டையாக வெட்டி, குழலுக்கு அடியில் கொடுத்து இரு முனையையும் பிடித்து மாறி மாறி இழுங்கள். விரலில் வைத்து நேராகத் தேய்த்தால் உருண்டை தட்டையாகிவிடும். சாம்பல் பிரைமர் ஒரு பூச்சு அடித்து, குழலை விளக்குக்குக் கீழே சுழற்றிப் பார்த்தால் மிச்சக் கோடு தெரியும். அங்கே மட்டும் பட்டி வைத்து மறுபடி தேயுங்கள். அலுமினியக் குழல் தனியாக வாங்கினால் இந்த வேலை இல்லை, ஆனால் எடை கூடும். ஏற்ற இறக்க அச்சு தளர்ந்து மூக்கு தொங்கும். அப்போது கோணத்தை ஒட்டி நிலைப்படுத்திவிடுவதே நல்லது.

கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் துண்டுகளை ஃபெவிகாலால் ஒட்டுங்கள். ஃபெவிக்விக் அருகில் போனாலே ஆவியில் கண்ணாடி வெண்மையாகப் பூத்துவிடும். பித்தளைத் தகட்டுத் துண்டுகளுக்கு மட்டும் ஃபெவிக்விக்.

பக்கத்துக்கு ஏழு ரோட் வீல் (டிராக்கின்மேல் உருளும் சக்கரம்). சக்கரம், டிராக், டரட் மூன்றையும் தனித்தனியாக வைத்தே வண்ணம் பூசுங்கள்.

நேட்டோ மூவண்ண உருமறைப்புக்கு டமியா நிறுவனப் பெயின்டில் எக்ஸ்எஃப்-67 பச்சை, 68 பழுப்பு, 69 கறுப்பு. முதலில் எங்கும் பச்சை, அதன்மேல் பழுப்பு, கடைசியில் கறுப்பு. பெயின்ட் ஒரு பங்கு, தின்னர் ஒன்றரைப் பங்கு, 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 18 பிஎஸ்ஐ. திட்டுகளின் ஓரம் பென்சில் கோடு அளவுக்கே மங்க வேண்டும். இதற்கு ப்ளூ-டாக் என்ற ஒட்டும் களிமண்ணை 3 மி.மீ. தடிமன் கயிறாக உருட்டி ஓரத்தில் வைத்து, மேலிருந்து செங்குத்தாக அடியுங்கள். சாய்த்து அடித்தால் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் புகையாகவும் வரும். திட்டு டரட்டிலிருந்து குழலுக்குத் தொடரும் இடங்களில், குழலை முடிவு செய்த கோணத்தில் வைத்துத்தான் பூச வேண்டும்.

வெயில் நேரத்தில் பெயின்ட் காற்றிலேயே உலர்ந்து மாவுபோல் படியும். சில சொட்டு ரிடார்டர் (உலர்வதைத் தாமதிக்கும் திரவம்) சேருங்கள். மழைநாளில் லாக்கர் அடித்தால் ஈரம் பிடித்து வெளுக்கும், தள்ளிப்போடுங்கள். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர் ஏர்பிரஷ் கழுவ மட்டும். பிரஷில் தொட்டு மாடலில் தடவினால் பிளாஸ்டிக்கே கரையும்.

டெக்காலுக்கு (நீரில் நனைத்து ஒட்டும் குறியீட்டுப் படலம்) முன் பளபளப்பு கிளியர் கட்டாயம். மேட் பரப்பின் சொரசொரப்பில் காற்று சிக்கி, படலம் வெள்ளி நிறமாக மின்னும். டெக்கால் உலர்ந்ததும் அடர்பழுப்பு எனாமல் வாஷை (நீர்த்த பெயின்ட்) போல்ட் தலையிலும் மூடி ஓரத்திலும் மட்டும் தொட்டு வையுங்கள். கறுப்புத் திட்டில் அது தெரியாது, அங்கே வெளிர்சாம்பல். எனாமல் தின்னர் தேங்கினால், இறுக்கத்தில் இருக்கும் இணைப்புகளுக்குள் கசிந்து விரிசல் விட வைக்கும். சக்கர அச்சும் டிராக்கும்தான் முதலில் போகும். எல்லாம் முடிந்தபின் மேட் கிளியர்.

டிராக்கில்தான் பலர் பழைய பழக்கத்தில் தவறுகிறார்கள். முழுக்க வெள்ளியும் துருவும் பூசிவிடுகிறார்கள். இந்த வண்டியில் தரையைத் தொடுவது ரப்பர் பட்டைகள்; அவை அடர்சாம்பல், மேலே உலர்ந்த மண். வழித்தடப் பற்களின் உரசும் பக்கத்தில் மட்டும் பென்சில் ஈயத்தூளை விரலால் தேயுங்கள். சக்கரத்தின் ரப்பர் ஓரத்துக்கு, சக்கரத்தைப் பல்குத்தியில் செருகிச் சுழற்றிக்கொண்டே பிரஷை அசையாமல் பிடித்தால் போதும்.

குழல்முனையில் புகைக்கறை வேண்டுமென்றால் கறுப்பு பிக்மென்ட் தூளை முனைத் துளைகளின் உட்புறம் மட்டும் தட்டுங்கள். பயணநிலை மாடலாக இருந்தால், முனையில் கேன்வாஸ் உறை போட்டுக் கறையையே தவிர்த்துவிடலாம்: ஃபெவிகாலும் நீரும் சமமாகக் கலந்ததில் நனைத்த மெல்லிய டிஷ்யூ தாளைச் சுற்றி, நூலால் கட்டி, காய்ந்ததும் வண்ணம் பூசுங்கள்.