மாசம் ஒரு நடை: வந்தவங்க திரும்பவும் வர்ற மாதிரி ஒரு கூட்டத்த எப்படி சேக்குறது

உங்க ஊர்ல ஒரு வரலாற்று நடையோ வாசிப்புக் கூட்டமோ ஆரம்பிக்கணும்னு ஆசையா இருக்கா? மொத தடவ ஆள் சேக்குறது பெரிய வேலையே இல்லங்க, ஒரு போஸ்டர் போட்டு நாலு வாட்ஸப் குரூப்ல தட்டிவிட்டா வந்துருவாங்க. மூணாவது மாசம் யாரு வர்றாங்கன்றதுதான் விஷயமே.

மொதல்ல நாளையும் நேரத்தையும் முடிவு பண்ணுங்க, அப்புறம் அதுல கையே வைக்காதீங்க. லண்டன்ல புஷி பார்க்ல 2004 அக்டோபர்ல 13 பேர் ஓடி ஆரம்பிச்சதுதான் பார்க்ரன், இன்னைக்கு பல நாடுகள்ல நடக்குது. சனிக்கிழமை காலைல 5 கிலோமீட்டர், காசு கெடையாது, நடத்துறது தன்னார்வலர்கள், வாராவாரம் அதே கதைதான். இந்த வாரம் உண்டா இல்லையான்னு யாரும் போன் போட்டு கேக்க வேண்டியதில்ல பாருங்க. நாங்க ரெண்டாவது ஞாயிறு 6 மணின்னு வெச்சிருந்தோம், ஒரு தடவ முகூர்த்த நாள்னு தள்ளி வெச்சோம், அடுத்த மாசம் மழைன்னு தள்ளுனோம், அதோட வழக்கமா வர்றவங்கள்ல பாதி பேர் நின்னே போயிட்டாங்க. மனசே கேக்கல.

அடுத்து, விஷயம் தெரிஞ்ச ஆள கூட்டிட்டு வாங்க. மதுரைல எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010ல ஆரம்பிச்ச பசுமை நடைய பாருங்க, சமணர் மலை, யானைமலைன்னு கூட்டிட்டுப் போய் தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் மாதிரி ஆளுங்க அந்த எடத்துலயே நின்னு கல்வெட்டப் பத்தி சொல்லுவாங்க. நடை முடிஞ்சதும் எல்லாருக்கும் காலை சாப்பாடு.

இந்த சாப்பாட்ட லேசா நெனைக்காதீங்க! மலையேறி எறங்கி, பசியோட தரைல உக்காந்து, தையல் இலைல சூடா பொங்கல் விழும்போதுதான் பக்கத்துல இருக்குறவரு "தம்பி எந்த ஏரியா?"ன்னு வாயத் தொறப்பாரு. அதனால கடைசி அரை மணி நேரம் பேச்சு, நன்றியுரைன்னு எதையும் சொருகாம சும்மா விடுங்க.

புதுசா வர்றவர பாத்தாலே தெரியும், பைக்க நிப்பாட்டிட்டு ஹெல்மெட்ட கழட்டி கைலயே வெச்சுகிட்டு ஓரமா நின்னு போன நோண்டிட்டு இருப்பாரு. அவர கவனிக்கன்னே ஒரு ஆள் போடுங்க. பேர் கேட்டு நோட்டுல எழுதிக்கங்க, எழுதுனதோட விடாம "அண்ணே, இந்த தண்ணி கேன ஒரு கை புடிங்க"ன்னு ஒரு வேலையும் குடுங்க. வேல செஞ்ச எடத்த மனுசன் தன்னோட எடமா நெனைக்க ஆரம்பிச்சுருவான், இத நான் எத்தனையோ தடவ கண்ணால பாத்துருக்கேன். அடுத்த மாசம் அவர் வந்து எறங்குறப்ப பேர் சொல்லிக் கூப்பிடணும், அதுக்குதான் அந்த நோட்டு.

காசு வாங்குனா அன்னைக்கே வரவு செலவ குரூப்ல போட்டுருங்க. போட்டோவும் அன்னைக்கு சாயங்காலமே, பின்னாடி நின்னவங்க மூஞ்சியும் தெரியுற மாதிரி. குரூப்ல குட்மார்னிங், ஃபார்வர்டு எதுக்கும் எடம் குடுக்காதீங்க, மியூட் போட்டுட்டா அப்புறம் நீங்க போடுற அறிவிப்பையும் பாக்க மாட்டாங்க.

ரெண்டு மாசமா ஒருத்தர் வரலன்னா மெசேஜ் வேணாம், போனே போடுங்க. "ஏன் வரல"ன்னு கேக்காம "ஒடம்பு நல்லாருக்கா, ஆளக் காணோமேன்னு கூப்பிட்டேன்"னு மட்டும் சொல்லுங்க.

ஆறாவது மாசம் மைக்க வேற ஒருத்தர் கைல குடுத்துட்டு நீங்க கடைசி வரிசைல நடந்து வாங்க. நீங்க ஊர்ல இல்லாத ஞாயித்துக்கெழமையும் 6 மணிக்கு நடை கெளம்பணும்.