மதுரைப் பக்கத்திலிருந்து பால்வெளியைக் காண்பது எப்படி?

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் சித்ரா பௌர்ணமி இரவு இதற்கு ஆகாது. நம் விண்மீன் மண்டலம் வானில் வெளிறிய பட்டையாகத் தெரிவதே பால்வெளி; முழுநிலவின் ஒளியில் அது மறைந்துவிடும். அடுத்து வரும் அமாவாசையை ஒட்டிய நாள்களில் அதிகாலை 3 மணிக்கும் 4 மணிக்கும் இடையே பாருங்கள். அந்நேரத்தில் எழ இயலாதவர்கள் ஆடி அமாவாசையன்று இரவு 9 மணிக்குப் பார்க்கலாம். மேகம் மட்டும் குறுக்கிடாதிருக்க வேண்டும்.

அடுத்தது இடம். பலரும் தவறுவது இங்கேதான். பால்வெளியின் மிகப் பிரகாசமான பகுதி நமக்குத் தெற்கு வானில், ஏறத்தாழ 50 பாகை உயரத்தில் வருகிறது. நகருக்கு வடக்கேயுள்ள அழகர்கோவில் பக்கம் சென்று நின்றால், பார்க்க வேண்டிய திசையிலேயே மதுரையின் விளக்கொளி படர்ந்திருக்கும். ஆகவே திருமங்கலம் தாண்டிப் பேரையூர்ப் பக்கம் சென்று, நகரத்து வெளிச்சத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிடுங்கள். தெரிந்தவர்களின் தோட்டமோ மொட்டைமாடியோ கிடைத்தால் பாதுகாப்பாகவும் இருக்கும்.

அங்கே அரை மணி நேரம் கைப்பேசியைத் தொடாமல் கண்களை இருளுக்குப் பழக்குங்கள். பிறகு தெற்கே செந்நிறமாக ஒளிரும் கேட்டையைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து தேளின் உடலாக வளைந்து இறங்கும் விண்மீன் வரிசையின் கொடுக்கில் மூலம் இருக்கிறது. மூலத்துக்குச் சற்று மேலே, இடப்புறமாகத் தெரியும் வெளிறிய திட்டு, சுமார் 26,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள நம் விண்மீன் மண்டலத்தின் மையம் இருக்கும் திசை. மேகமோ என்று ஐயம் வந்தால் பத்து நிமிடம் பொறுங்கள். மேகம் கலைந்து நகரும், இது விண்மீன்களோடு ஒட்டியே நிற்கும். படங்களில் காணும் வண்ணங்களை எதிர்பார்க்க வேண்டாம், ஏனெனில் மங்கிய ஒளியில் நம் கண்ணால் நிறம் பிரித்தறிய இயலாது.

தட்டு வடிவான மண்டலம் பட்டையாகத் தெரிவதேன்? சோழவந்தான் தென்னந்தோப்பு ஒன்றின் நடுவே நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் எங்கு திரும்பினாலும் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடர்ந்து சுவர்போல் நிற்கும். அண்ணாந்தாலோ வானம் திறந்திருக்கும். நாமும் அந்தத் தட்டுக்கு உள்ளேயே இருப்பதால், அதன் தளத்தை நோக்கும்போது மட்டும் விண்மீன்கள் அப்படிச் செறிந்து தெரிகின்றன.

பட்டையின் நடுவே ஓடும் கருமை வெற்றிடமன்று, பின்னாலுள்ள விண்மீன்களை மறைக்கும் தூசு மேகங்கள். அது தெரியுமளவுக்கு இருள் வாய்த்தால் பைனாகுலரைப் பட்டையின் ஒளிரும் பகுதிக்குத் திருப்புங்கள். 1610இல் கலிலியோ தம் தொலைநோக்கியில் கண்டு எழுதியவாறே, அந்தப் பால்நிற ஒளி தனித்தனி விண்மீன்களாகப் பிரியும்.