வில்லாந்ரி போனால் முதலில் மேலே ஏறுங்கள்

பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்கில், தூர் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது வில்லாந்ரி கோட்டை. 1530களில், மன்னர் முதலாம் பிரான்சுவாவின் நிதி அதிகாரி கட்டிய மறுமலர்ச்சிக் கால மாளிகை. உள்ளே போனதும் எல்லோரும் நேராகத் தோட்டத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பழைய கோட்டையிலிருந்து மிஞ்சிய சதுரக் கோபுரத்தின் உச்சிக்கு முதலில் போங்கள். கீழே நின்றால் வெறும் வேலிச்செடியாகத் தெரிவது, மேலிருந்து பார்க்கும்போது இதயமாக, விசிறியாக, வாளாக விரியும். காதலின் நான்கு நிலைகளைச் செடிகளால் வரைந்திருக்கிறார்கள்!

எனக்கு அதைவிடப் பிடித்தது காய்கறித் தோட்டம். ஒரே அளவில் ஒன்பது சதுரங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு கோலம். முட்டைக்கோஸும் பீட்ரூட் கீரையும் இவ்வளவு அழகா என்று நின்றுவிடுவீர்கள். வசந்தத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என ஆண்டுக்கு இரண்டு முறை புதிதாக நடுகிறார்கள். கோடை நடவு நன்றாக வளர்ந்து நிறம் கூடியிருக்கும் ஆகஸ்ட், செப்டம்பர்தான் என் தேர்வு. இன்று நாம் பார்க்கும் இந்தத் தோட்டங்கள், 1906இல் மாளிகையை வாங்கிய யோவாகிம் கார்வாலோ, ஆன் கோல்மன் தம்பதி மீட்டெடுத்தவை.

டிக்கெட் இரண்டு வகை: தோட்டம் மட்டும், அல்லது மாளிகையும் சேர்த்து. கோபுரம் ஏற இரண்டாவதை வாங்குங்கள். குளிர்காலத்தில் மாளிகை சில வாரங்கள் மூடியிருக்கும், தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். வெயில் ஏறிவிட்டால் லிண்டன் மர வரிசையில் நல்ல நிழல் கிடைக்கும்.